விலை சொல்வதற்கு முன்: புதிய ஏற்றுமதியாளருக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து விசாரணை மின்னஞ்சல் வந்தவுடன், தொழிலுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் காரியம் விலைப்பட்டியலை அனுப்பிவைப்பதுதான். அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்கவேண்டும். இந்தச் சரக்கு நாட்டை விட்டு வெளியே போகச் சட்டம் அனுமதிக்கிறதா? வாங்குபவரின் நாட்டில் அதற்கு என்ன வரி? இரு நாடுகளுக்கும் இடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருந்தால், நம் சரக்கு அதன் சலுகைக்கு உண்மையிலேயே தகுதி பெறுமா? இந்த வரிசையில் போனால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி வராமலே போய்விடும். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

பதிவு வேலைகள்

இவற்றில் கடினமானது எதுவும் இல்லை. ஒன்றிய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது எல்லோரும் டிஜிஎஃப்டி என்று அழைக்கும் அலுவலகம், ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டெண்ணை வழங்குகிறது. ஐஇசி எனப்படும் இந்த எண் உங்கள் பான் எண்ணேதான். 500 ரூபாய் கட்டணம் செலுத்தி இணையத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. விவரங்களில் மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்குள் அந்த விவரங்களை இணையத்தில் உறுதிசெய்யவேண்டும். செய்யாவிட்டால் ஐஇசி முடக்கப்படும். அது முடங்கியது பெரும்பாலும் சரக்கு துறைமுகத்துக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

அடுத்து, வெளிநாட்டுப் பணம் வந்துசேரும் வங்கிக்கிளையின் அடையாள எண்ணான ஏடி கோடைச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதியவேண்டும். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி செலுத்தாமல் சரக்கை அனுப்ப விரும்பினால், ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடி எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்யவேண்டும். கூடவே, உங்கள் பொருளுக்கு உரிய ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பில் உறுப்பினராகிப் பதிவுச் சான்றிதழ் பெற்றுவிடுங்கள். பம்ப்செட் போன்ற பொறியியல் பொருட்களுக்கு இஇபிசி, ஆயத்த ஆடைக்கு ஏஇபிசி, கடல் உணவுக்குக் கொச்சியிலுள்ள எம்பீடா, தோல் பொருட்களுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தோல் ஏற்றுமதிக் கவுன்சில் என்று துறைக்கு ஒன்று இருக்கிறது.

குறியீட்டெண்ணை முடிவுசெய்தல்

உலகச் சுங்க அமைப்பின் வகைப்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க ஹெச்எஸ் எண் உண்டு. இந்தியா அதை எட்டு இலக்கமாக நீட்டிப் பயன்படுத்துகிறது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குப் பிறகு வருபவை நாட்டுக்கு நாடு மாறும். திரவங்களை இறைக்கும் பம்புகள் 8413 என்ற தலைப்பில் வருகின்றன. அதற்குள் சென்ட்ரிஃப்யூகல் வகைகளுக்கு 8413.70, பம்பின் உதிரிபாகங்களுக்கு 8413.91. மின்மோட்டார் 8501-லும் பேரிங் 8482-லும் வரும்.

தடை, வரி, ஒப்பந்தச் சலுகை, ஊக்கத்தொகை எல்லாமே இந்த எண்ணைப் பிடித்துத்தான் நடக்கின்றன. பக்கத்துத் தொழிற்கூடம் பயன்படுத்தும் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. பொருளின் வேலை, கட்டமைப்பு, மூலப்பொருள் ஆகியவற்றை வைத்து எண்ணை முடிவுசெய்தபின், ஆறு இலக்க அளவில் அதே எண்ணை வாங்குபவரின் சுங்க முகவரும் ஏற்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள். சலுகை தருவது அந்த நாட்டின் சுங்கத்துறை. அவர்கள் வேறு எண்ணில் வகைப்படுத்தினால் உங்கள் சான்றிதழுக்குப் பயன் இருக்காது.

சரக்கு வெளியே போகலாமா

1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதிக் கொள்கைப் பட்டியல் ஒன்றை அரசு வைத்திருக்கிறது. பெரும்பாலான பொருட்கள் அதில் தாராளம் என்ற வகையில் இருக்கின்றன. சிலவற்றுக்கு உரிமம் வேண்டும், சிலவற்றுக்கு முழுத் தடை. செம்மரக்கட்டை, சந்தனக்கட்டை போன்றவை ஏன் தடைப்பட்டியலில் இருக்கின்றன என்பதை விளக்கத் தேவையில்லை. புதியவர்களைத் தடுமாறவைப்பவை நேற்றுவரை தாராளமாக இருந்து இன்று மாலை தடைசெய்யப்படும் பொருட்கள். அவற்றில் உணவுப்பொருட்களே அதிகம்.

அரிசியின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பச்சரிசி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு நின்றார்கள். புழுங்கலரிசிக்குத் தடை இல்லை என்று ஆறுதல் அடைந்தவர்களுக்கு ஆகஸ்ட் 25 முதல் 20% ஏற்றுமதி வரி வந்தது. வெள்ளை அரிசிக்கான தடை 2024 செப்டம்பர் 28 அன்று, டன்னுக்கு 490 டாலர் என்ற குறைந்தபட்ச விலை நிபந்தனையோடு நீங்கியது. அந்த நிபந்தனையும் அக்டோபரில் எடுக்கப்பட்டது. வெங்காயத்திலும் 2023 ஆகஸ்ட் தொடங்கி வரி, குறைந்தபட்ச விலை, தடை, மறுபடி வரி என்று மாறிமாறி வந்து, 2025 ஏப்ரல் 1 அன்றுதான் வரி முற்றிலும் விலகியது.

திடீர்த் தடை வரும்போது ஏற்கெனவே ஒப்பந்தம் செய்தவரின் நிலை என்ன? வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023-இன் 1.05-ஆம் பத்தி பொதுவான ஒரு பாதுகாப்பைத் தருகிறது. தடைக்கு முன்பே திறக்கப்பட்ட, திரும்பப் பெறமுடியாத எல்.சி. (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) உங்களிடம் இருந்தால், அதைத் தடை வந்த 15 நாட்களுக்குள் டிஜிஎஃப்டியின் வட்டார அலுவலகத்தில் பதிவுசெய்து சரக்கை அனுப்பலாம். 2022 மே 13 அன்று கோதுமை ஏற்றுமதி தடைசெய்யப்பட்டபோது, அந்த நாள்வரை திறக்கப்பட்ட எல்.சி.களுக்கு விலக்கு கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு முன்தேதியிட்ட எல்.சி.கள் வரத்தொடங்கியதால், ஆவணங்களை நேரில் சரிபார்க்குமாறு வட்டார அலுவலகங்களுக்கு உத்தரவு போனது. ஆனால் 2023-இன் அரிசி அறிவிக்கை இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றே வெளிப்படையாகச் சொன்னது. கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்த சரக்கு, ஷிப்பிங் பில் எனப்படும் ஏற்றுமதி ஆவணம் சுங்கத்துறையிடம் தாக்கலாகிக் கப்பலும் துறைமுகத்துக்கு வந்திருந்த சரக்கு, சுங்கத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த சரக்கு ஆகியவை மட்டுமே தப்பின. ஆகவே உணவுப்பொருள் அனுப்புபவர் 1.05-ஆம் பத்தியை மட்டும் நம்பி நீண்டகால விலையை ஒப்புக்கொள்வது விவேகம் இல்லை. அரசுத் தடை வந்தால் ஒப்பந்தம் ரத்தாகும் என்பதையும், புதிய ஏற்றுமதி வரி வந்தால் அதை யார் சுமப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் கோயம்புத்தூர்த் தொழிற்கூடத்துக்கு இந்தக் கவலை இல்லை. விவசாயப் பம்ப் தாராளமாகப் போகலாம். அவர்களுக்கு வேறொரு பட்டியல் காத்திருக்கிறது.

ஸ்கோமெட் பட்டியல்

சாதாரணத் தொழிலுக்கும் ஆயுதத் தயாரிப்புக்கும் ஒருசேரப் பயன்படக்கூடிய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். சிறப்பு வேதிப்பொருட்கள், உயிரிகள், மூலப்பொருட்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் ஆகியவை அதில் அடங்கும். 0 முதல் 8 வரை பிரிவுகள் உள்ளன. 0-ஆம் பிரிவிலுள்ள அணுசக்திப் பொருட்களுக்கு அணுசக்தித் துறையும், 6-ஆம் பிரிவிலுள்ள படைக்கலங்களுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும் அனுமதி வழங்குகின்றன. ஏனையவற்றுக்கு டிஜிஎஃப்டியிடம் போகவேண்டும். 7-ஆம் பிரிவு மட்டும் காலியாக விடப்பட்டிருக்கிறது. இத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டமைப்புகளான வாசனார் ஏற்பாட்டில் 2017-இலும் ஆஸ்திரேலியா குழுவில் 2018-இலும் இந்தியா சேர்ந்தபின், நம் பட்டியல் உலகின் பிற பட்டியல்களோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

ஏவுகணையும் நச்சுவாயுவும் செய்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. வேதியியல் ஆலைகளில் அமிலம் இறைக்கப் பயன்படும் பம்ப் ஒன்றை எண்ணிப்பாருங்கள். சீல் இல்லாத அல்லது பல சீல்கள் கொண்ட வகை, மணிக்கு 0.6 கனமீட்டருக்கு மேல் இறைக்கும் திறன், திரவம் படும் பரப்பு முழுவதும் ஃப்ளூரோபாலிமர் பூச்சு அல்லது நிக்கல் மிகுந்த உலோகக்கலவை என்ற அம்சங்கள் சேர்ந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். 0.6 கனமீட்டர் என்பது மணிக்கு வெறும் 600 லிட்டர்; வீட்டு மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரே அதைவிட அதிகம் இறைக்கும். நரம்பு நச்சுவாயு தயாரிக்கும் ஆலைக்கும் அரிப்பைத் தாங்கும் இதே பம்ப்தான் வேண்டும் என்பதே கட்டுப்பாட்டுக்குக் காரணம். ஒரே தொழிற்கூடத்தில் வார்க்கப்பட்ட இரண்டு பம்புகளில் ஒன்று விவசாயிக்குத் தடையின்றிப் போகும், மற்றொன்றுக்கு அனுமதி தேவைப்படும். இரண்டுக்கும் ஹெச்எஸ் தலைப்பு ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே ஸ்கோமெட் சோதனையைக் குறியீட்டெண்ணை வைத்து முடித்துவிடாமல், பொருளின் தொழில்நுட்ப விவரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடவேண்டும்.

பொருள் பட்டியலில் இருந்தால் டிஜிஎஃப்டியின் இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். கொள்முதல் ஆணை, தொழில்நுட்ப விவரங்கள், இறுதிப் பயன்பாட்டாளர் தரும் உறுதிச்சான்று ஆகியவை தேவை. பல அமைச்சகங்களின் பிரதிநிதிகள் அடங்கிய குழு ஒன்று விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், விநியோக நாளை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சில பொருட்களுக்கு எளிய வழி உண்டு. 25 கிலோமீட்டர் வரை பறந்து 25 கிலோவுக்கு மேல் சுமக்காத, படைத்துறை சாராத டிரோன்களுக்கு 2023 ஜூன் முதல் பொது அனுமதி முறை வந்திருக்கிறது. ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கும் தொல்லை அவற்றை அனுப்புபவர்களுக்கு இல்லை.

கட்டுப்பாடு பெட்டியில் போகும் சரக்கோடு முடிவதில்லை. கட்டுப்படுத்தப்பட்ட பம்பின் வரைபடத்தை வெளிநாட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியே. பட்டியலில் இல்லாத பொருளானாலும், பேரழிவு ஆயுதத் திட்டத்துக்கு அது போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தாலோ, அப்படி ஐயுறக் காரணம் இருந்தாலோ, அனுமதியின்றி அனுப்பக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று சொல்ல மறுப்பவர், தன் தொழிலுக்குப் பொருந்தாத இயந்திரத்தைக் கேட்பவர், பொருத்திக்கொடுப்பதும் பயிற்சியும் வேண்டாம் என்று தாமாகவே சொல்பவர், சரக்கு அனுப்பும் முகவரின் முகவரியையே இறுதி முகவரியாகத் தருபவர் ஆகியோரிடம் இன்னும் நான்கு கேள்விகள் கேட்பதில் தவறில்லை. சட்டத்தை மீறினால் சரக்கின் மதிப்பைப்போல் ஐந்து மடங்குவரை அபராதம் விதிக்க 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பேரழிவு ஆயுதங்கள் பற்றிய 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சிறைத்தண்டனையும் உண்டு.

ஒப்பந்தத்தால் பயன் உண்டா

இப்போது வரிக்கு வரலாம். ஒப்பந்தம் இருக்கிறதா என்று தேடுவதற்கு முன், ஒப்பந்தமே இல்லாவிட்டால் வாங்குபவரின் நாட்டில் எவ்வளவு வரி என்று பாருங்கள். சிங்கப்பூர் ஒரு சில பொருட்களைத் தவிர எதற்கும் சுங்கவரி விதிப்பதில்லை. சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதல் தொழிற்சாலைப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் எல்லா நாடுகளுக்கும் வரியை நீக்கிவிட்டது. வரி ஏற்கெனவே சுழியாக உள்ள இடத்தில், சலுகைக்காகச் சான்றிதழ் வாங்கி அலைவது வீண்வேலை.

வரி இருக்கும் இடத்தில்தான் ஒப்பந்தம் கைகொடுக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆயத்த ஆடைக்குப் பொதுவாக 5% வரி. 2022 மே 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி திருப்பூர்ப் பனியனுக்கு அது இல்லை. இலங்கையோடான ஒப்பந்தம் 2000 மார்ச் முதலும், ஆசியான் நாடுகளோடான சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி முதலும், ஜப்பானோடான ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் முதலும் நடைமுறையில் இருக்கின்றன. கையெழுத்தான நாளையும் நடைமுறைக்கு வந்த நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவோடு 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தானது, சலுகை தொடங்கியதோ டிசம்பர் 29 அன்று. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் அடங்கிய ஈஎஃப்டிஏ நாடுகளுடன் 2024 மார்ச்சில் கையெழுத்தாகி 2025 அக்டோபர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

ஒப்பந்தத்தின் வரி அட்டவணையில் உங்கள் எண்ணுக்கு நேரே மூன்றில் ஒன்று இருக்கும்: உடனடி வரிவிலக்கு, ஆண்டுக்காண்டு படிப்படியாகக் குறையும் வரி, அல்லது சலுகையே இல்லாத விலக்குப் பட்டியல். மலேசியா போன்ற நாடுகளுக்கு ஆசியான் ஒப்பந்தமும் தனி இருதரப்பு ஒப்பந்தமும் சேர்ந்தே இருக்கின்றன. எதில் வரி குறைவு, எதன் விதி எளிது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒப்பந்தம் நீக்குவது சுங்கவரியை மட்டும். இலங்கையில் துறைமுக-விமானநிலைய வரி, செஸ் போன்றவை தனியாக இருக்கின்றன. எனவே மொத்தச் சுமையை வாங்குபவரிடம் கேட்டுத்தான் விலையைத் தீர்மானிக்கவேண்டும்.

மூலநாட்டு விதி

சலுகை இந்தியாவில் உருவான பொருளுக்கு மட்டுமே. இந்தியாவிலிருந்து கப்பலேறிய பொருள் எல்லாம் இந்தியாவில் உருவான பொருளாகிவிடாது. இங்கே விளைந்த மஞ்சள், இங்கே பிடித்த இறால் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. வெளிநாட்டு உள்ளீடு கலந்த பொருளுக்கு ஒவ்வோர் ஒப்பந்தமும் ஒரு விதி வைத்திருக்கிறது. ஆசியான் ஒப்பந்தத்தின் பொதுவிதியில் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே நிறைவேறவேண்டும்: எஃப்ஓபி மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும்வரையிலான செலவு சேர்ந்த விலையில், குறைந்தது 35% இந்தியாவும் ஆசியான் நாடுகளும் சேர்ந்த வட்டாரத்தின் பங்காக இருக்கவேண்டும், வெளிநாட்டு உள்ளீடுகளின் ஆறு இலக்க எண்ணும் முடிந்த பொருளின் ஆறு இலக்க எண்ணும் வேறுவேறாக இருக்கவேண்டும்.

நம் தொழிற்கூடம் இந்தோனேசியாவுக்கு 200 டாலர் எஃப்ஓபி விலையில் ஒரு பம்ப்செட்டை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அதில் இறக்குமதியான மோட்டார் 70 டாலர், கட்டுப்பாட்டுப் பெட்டி 30 டாலர், சீலும் பேரிங்கும் 18 டாலர். ஆக 118 டாலர். 200-இலிருந்து 118-ஐக் கழித்தால் 82, அதாவது 41%. மோட்டாரின் எண்ணும் பம்பின் எண்ணும் வேறு என்பதால் இரண்டாவது நிபந்தனையும் நிறைவேறுகிறது. இனி வாங்குபவர் பேரம் பேசி 10% தள்ளுபடி பெறுகிறார் என்று கொள்ளுங்கள். விலை 180 டாலர் ஆகிறது, வெளிநாட்டு உள்ளீடு அதே 118-இல் நிற்கிறது. மீதி 62 டாலர் என்பது 34.4%. பம்ப் சலுகைக்குத் தகுதி இழந்துவிட்டது. பேரம் பேசும் மேசையில் இந்தக் கணக்குத் தாளும் இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

உள்ளூர்க் கடையில் ரூபாய் கொடுத்து வாங்கியதால் மட்டும் ஒரு பேரிங் இந்தியப் பொருளாகிவிடாது என்பதும் இங்கே முக்கியம். எங்கே தயாரானது என்று நிரூபிக்க முடியாத உள்ளீடு வெளிநாட்டுப் பொருளாகவே கணக்கில் சேரும். அதனால் உள்ளூர் உற்பத்தியாளர்களிடமிருந்து, எந்தப் பொருள் எங்கே செய்யப்பட்டது என்ற எழுத்துமூல உறுதியை வாங்கிக் கோப்பில் வையுங்கள். முழுப் பம்பையே இறக்குமதி செய்து பெயிண்ட் அடித்து லேபிள் ஒட்டினால் எந்த ஒப்பந்தத்திலும் அது இந்தியப் பொருளாகாது.

சான்றிதழும் கப்பல் வழியும்

சலுகைக்கான மூலநாட்டுச் சான்றிதழை ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் முகமைகள், எம்பீடா, ஜவுளிக் குழு, நறுமணப் பொருள் வாரியம் போன்ற அதிகாரம் பெற்ற அமைப்புகள் வழங்குகின்றன. விண்ணப்பம் டிஜிஎஃப்டியின் மின்தளம் வழியாகப் போகிறது. ஏற்றுமதி ஆய்வு முகமை சென்னையிலும் இருக்கிறது. வணிகச் சங்கங்கள் தரும் சாதாரண மூலநாட்டுச் சான்றிதழ் வேறு. அதைக் காட்டி வரிச்சலுகை கேட்கமுடியாது. இரண்டும் ஒன்றென்று நினைத்துச் சரக்கை அனுப்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆசியானுக்கு ஏஐ படிவம் என்பதுபோல ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் தனிப் படிவம் இருக்கிறது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சான்றிதழ் ஆகிய நான்கிலும் பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, குறியீட்டெண் எல்லாம் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கவேண்டும். ஷிப்பிங் பில்லிலேயே ரோட்டெப் போன்ற ஊக்கத்தொகையைக் கோருகிறோம் என்று குறிப்பிடச் சொல்லி உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் நினைவூட்டுங்கள்.

தூத்துக்குடி வழியாக அனுப்புபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். அங்கிருந்து புறப்படும் பெட்டிகளில் பல, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றப்படுகின்றன. சரக்கு நேரடியாகப் போகவேண்டும் என்று ஒப்பந்தங்கள் விதிக்கின்றன. இடையில் வேறு நாட்டில் கப்பல் மாறினால், அங்கே சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்தது, ஏற்றி இறக்கியதைத் தவிர வேறெதுவும் செய்யப்படவில்லை என்று காட்டவேண்டும். அதற்கு எளிய வழி, புறப்படும் துறைமுகம் முதல் இறுதித் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங்காக (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) எடுப்பது. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

அனுப்பிய பிறகு

சான்றிதழை உரிய நேரத்தில் வாங்கத் தவறினாலும் சலுகை முற்றிலும் போய்விடாது. ஆசியான் ஒப்பந்தத்தில், சரக்கு அனுப்பிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குள், பின்தேதியில் வழங்கப்பட்டது என்ற முத்திரையோடு சான்றிதழ் பெற இடம் உண்டு. ஆனால் அதற்குள் வாங்குபவர் முழு வரியைக் கட்டிச் சரக்கை எடுத்திருப்பார். அந்தப் பணத்தை அவர் நாட்டுச் சுங்கத்துறையிடமிருந்து அவர் திரும்பப் பெறுவது அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

சான்றிதழ் கொடுத்ததோடு பொறுப்பு முடிவதும் இல்லை. இறக்குமதி நாட்டின் சுங்கத்துறைக்கு ஐயம் வந்தால், சான்றிதழ் தந்த அமைப்புக்கு எழுதும், அந்த அமைப்பு உங்களிடம் கணக்குக் கேட்கும். உள்ளீடுகளின் இன்வாய்ஸ், இறக்குமதிச் சரக்கின் சுங்க ஆவணமான பில் ஆஃப் என்ட்ரி, உள்ளூர் உற்பத்தியாளரின் உறுதிமொழி, விலைக்கணக்குத் தாள், ஸ்கோமெட் சோதனையில் எந்த வரியோடு எதை ஒப்பிட்டு என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை ஏற்றுமதி வாரியாக ஒரே கோப்பில் ஐந்து ஆண்டுகள் வைத்திருங்கள். உள்ளீடு வாங்கும் இடத்தையோ விற்பனை விலையையோ மாற்றும்போதெல்லாம் 35% கணக்கை மறுபடி போட்டு, புதிய தாளையும் அதே கோப்பில் தேதியிட்டுச் சேர்த்துவிடுங்கள்.